ஆபிங்டன் முதல் ஹிரோஷிமா வரை: ஸ்போர்ட்ஸ் காரின் இரு மரபுகள்

ஸ்போர்ட்ஸ் கார் ஐரோப்பாவில் பிறந்த வகை. இருவர் மட்டும் அமரக்கூடிய தாழ்வான உடல், அதன் எடைக்கு மிஞ்சிய என்ஜின், சாலையின் ஒவ்வொரு நெளிவையும் ஓட்டுநரின் கைக்கு உணர்த்தும் ஸ்டீயரிங் ஆகிய மூன்றையும் வைத்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் பிரிட்டனும் இத்தாலியும் ஜெர்மனியும் இந்த வகைக்கு இலக்கணம் வகுத்தன. இன்று சேகரிப்பாளர்கள் ‘கிளாசிக்’ என்று தேடி வாங்குவதில் பெரும்பகுதி அந்தக் காலத்துக் கார்களே. ஆசியாவில் இந்த இலக்கணத்தை முதலில் கற்ற நாடு ஜப்பான். பின்னாளில் அதைத் திருத்தி எழுதிய நாடும் அதுதான். ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களை ஐரோப்பியக் கார்களின் மலிவான நகல் என்று ஒதுக்கும் பழக்கம் இன்னமும் உண்டு. தொடக்க ஆண்டுகளுக்கு அந்தக் கருத்து ஓரளவு பொருந்தும். 1969-க்குப் பிந்தைய வரலாற்றுக்குப் பொருந்தாது.

போர் முடிந்தபோது பிரிட்டன் பெருங்கடனில் இருந்தது. ஏற்றுமதி செய்து டாலர் ஈட்டும் தொழிற்சாலைகளுக்கே எஃகு ஒதுக்கீட்டில் முன்னுரிமை கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ஆபிங்டனில் இயங்கிய எம்.ஜி. நிறுவனம், போருக்கு முந்தைய வடிவத்தையே சற்று மாற்றி 1945-ல் டி.சி. என்ற காரை வெளியிட்டது. 1,250 சி.சி. என்ஜின், மெல்லிய கம்பிச் சக்கரங்கள், மடித்துப் படுக்கவைக்கக்கூடிய முன்கண்ணாடி. நான்கு ஆண்டுகளில் சுமார் 10,000 கார்கள் தயாராயின. பிரிட்டனில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படைவீரர்கள் சிலர் இதன் மேல் பற்றுக்கொண்டு ஊருக்கும் கொண்டுபோனார்கள். வலப்பக்க ஸ்டீயரிங் மட்டுமே கொண்ட காருக்கு, சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் ரசிகர் கூட்டம் உருவானது. அதன்பின் அமெரிக்கச் சந்தையை நோக்கியே பிரிட்டனின் ஸ்போர்ட்ஸ் கார் தொழில் வளர்ந்தது. 1948 லண்டன் கண்காட்சியில் வில்லியம் லயன்ஸின் ஜாகுவார் நிறுவனம் எக்ஸ்.கே.120-ஐ நிறுத்தியது. இரட்டை கேம் ஷாஃப்ட் கொண்ட 3.4 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின். மணிக்கு 120 மைல் என்ற வேகமே அதன் பெயர். டிரையம்ஃப் டி.ஆர்.2, ஆஸ்டின்-ஹீலி 100 ஆகியவை 1950-களின் முதற்பாதியில் வந்தன. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஜாகுவார் ஈ-டைப் அறிமுகமானது. அதன் உடலை வரைந்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். காற்றின் ஓட்டத்தைக் கணக்கிட்டு வளைவுகளை முடிவுசெய்தார். 150 மைல் வேகம் போகும் என்று விளம்பரம் செய்யப்பட்ட அந்தக் காரின் விலை, அன்றைய ஆஸ்டன் மார்ட்டினின் விலையில் ஏறக்குறையப் பாதி.

இந்தக் கார்களின் உள்ளே பார்த்தால், பிரிட்டனின் வழக்கம் பெரும்பாலும் குடும்பக் கார்களின் பாகங்களைக் கொண்டு ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது. எம்.ஜி. நிறுவனத்தின் எம்.ஜி.ஏ. காரில் இருந்தது, ஆஸ்டின், மாரிஸ் குடும்பக் கார்களில் இருந்த அதே பி-சீரிஸ் என்ஜின். 1962-ல் வந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்ற எம்.ஜி.பி.யிலும் அதுவே, 1,798 சி.சி. அளவில். இரும்பு வார்ப்பு, தள்ளுதண்டுகளால் இயங்கும் வால்வுகள். புதுமை எதுவும் இல்லை. ஆனால் எந்த ஊர் மெக்கானிக்கும் பழுதுபார்க்கக்கூடியது. இத்தாலியில் நிலைமை வேறு. 1955-ல் வந்த ஆல்ஃபா ரோமியோ ஜூலியெட்டா ஸ்பைடர் 1,290 சி.சி. மட்டுமே கொண்ட சிறிய கார். அதற்குள்ளும் அலுமினிய வார்ப்பில் இரட்டை கேம் ஷாஃப்ட் என்ஜின் இருந்தது. உடலைப் பினின்ஃபரீனா வடித்தது. மரனெல்லோவில் 1947-ல் தன் பெயரில் முதல் காரை ஓட்டிப் பார்த்த என்ஸோ ஃபெராரிக்கு, சாலைக் கார்கள் என்பவை பந்தய அணியை நடத்தப் பணம் தரும் வழி. ஜெர்மனியில் போர்ஷே ஃபோக்ஸ்வாகன் பாகங்களில் தொடங்கியது. என்ஜின் பின்புறம், காற்றால் குளிரூட்டல் என்ற அமைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு ஆண்டுதோறும் செதுக்கியது. 1963 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட 911, இரண்டு லிட்டரில் 130 குதிரைத்திறன் தந்தது.

லயன்ஸ், ஃபெராரி, ஃபெர்ரி போர்ஷே, லோட்டஸ் நிறுவனத்தின் காலின் சாப்மன் என்று ஒவ்வொரு காருக்குப் பின்னும் ஒரு தனிமனிதரின் பிடிவாதம் இருந்தது. அந்தக் கார்களின் அழகும் அவற்றின் குறைகளும் அங்கிருந்தே வந்தன. எடையைக் குறைப்பதே சாப்மனின் வேதம். 1962-ல் வந்த லோட்டஸ் எலான், முதுகெலும்பு போன்ற ஒற்றை எஃகுச் சட்டத்தின் மேல் ஃபைபர்கிளாஸ் உடல் கொண்டது. எடை 700 கிலோவுக்கும் குறைவு. வளைவுகளில் அதற்கு ஈடான கார் நீண்ட காலம் வரவில்லை. ஆனால் எண்ணெய் கசியும் என்ஜின், மழையில் அணையும் விளக்கு, அடிக்கடி சரிபார்க்க வேண்டிய கார்புரேட்டர் ஆகியவற்றை இந்தக் கார்களின் உரிமையாளர்கள் இயல்பென்றே ஏற்றுக்கொண்டார்கள். ஸ்போர்ட்ஸ் காருக்குக் கொடுக்க வேண்டிய விலையில் அவையும் சேர்த்தி என்று கருதப்பட்டது. இந்தக் கருத்தைத்தான் ஜப்பான் பின்னாளில் உடைத்தது.

ஜப்பானின் கல்வி, உரிமம் பெற்றுப் பிறர் காரைத் தயாரிப்பதில் தொடங்கியது. 1952 டிசம்பரில் நிசான் நிறுவனம் பிரிட்டனின் ஆஸ்டினுடன் ஒப்பந்தம் செய்தது. முதலில் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டியவர்கள், சில ஆண்டுகளில் ஒவ்வொரு பாகத்தையும் ஜப்பானிலேயே செய்யக் கற்றார்கள். இசுசு நிறுவனம் ஹில்மனிடமும் ஹீனோ நிறுவனம் ரெனோவிடமும் இதேபோல் பாடம் படித்தன. நிசான் உரிமத்தில் தயாரித்த ஆஸ்டின் ஏ50 காரில் இருந்தது 1,489 சி.சி. பி-சீரிஸ் என்ஜின், அதாவது எம்.ஜி.ஏ.வில் இருந்த அதே குடும்பம். அதன் பிஸ்டன் ஓட்டத்தைக் குறைத்து 988 சி.சி. என்ஜின் ஒன்றை நிசான் உருவாக்கி 1957-ல் தன் டட்சன் 210 காரில் வைத்தது. 1959-ல் வந்த ஃபைபர்கிளாஸ் உடல் கொண்ட டட்சன் எஸ்211 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே என்ஜினே. ஆபிங்டனின் கார்களும் நிசானின் ஊரான யோகோஹாமாவின் தொடக்க கால ஸ்போர்ட்ஸ் கார்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை இரு தரப்பு ரசிகர்களும் இன்று பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். எதிர்த்திசையிலும் ஒரு செய்தி உண்டு. தோற்றத்தில் எம்.ஜி.பி.யை ஒத்திருப்பதால் நகல் என்று பழிக்கப்படும் டட்சன் ஃபேர்லேடி 1500, எம்.ஜி.பி. வெளியாவதற்கு முந்தைய ஆண்டே, 1961-ல், டோக்கியோ கண்காட்சியில் காட்டப்பட்டுவிட்டது.

ஹோண்டா வந்த வழி தனி. கார் தொழிலில் யாரிடமும் உரிமம் பெறாத அந்த நிறுவனம் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் வளர்ந்தது. 1961-ல் ஐல் ஆஃப் மேன் டி.டி. பந்தயத்தின் 125 சி.சி., 250 சி.சி. பிரிவுகளை வென்றது. அதே காலத்தில் ஜப்பானின் வர்த்தக, தொழில் அமைச்சகம் கார் தயாரிப்பில் புதியவர்கள் நுழைவதைத் தடுக்கும் சட்ட மசோதா ஒன்றைத் தயாரித்தது. அது நிறைவேறுவதற்குள் கார் தயாரித்துவிட வேண்டும் என்று சொய்ச்சிரோ ஹோண்டா விரைந்தார். 1963 அக்டோபரில் எஸ்500 வந்தது. 531 சி.சி.தான், ஆனால் இரட்டை கேம் ஷாஃப்ட், நான்கு கார்புரேட்டர்கள், பின்சக்கரங்களுக்கு மோட்டார் சைக்கிளைப் போலவே சங்கிலி. என்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்றுகளை அனாயாசமாகத் தொட்டது. மசோதா நிறைவேறவேயில்லை. அடுத்த ஆண்டு வந்த எஸ்600, 606 சி.சி.யில் 57 குதிரைத்திறன் தந்தது. லிட்டர் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 94, எம்.ஜி.பி.க்கு அது 53 மட்டுமே. கைக்கடிகாரத்தின் உள்ளமைப்பைப் போன்ற நுட்பம் அந்தச் சிறிய என்ஜினில் இருந்தது.

ஆனால் ஜப்பானில் இந்தக் கார்களை ஓட்டச் சாலை எங்கே? நாட்டின் முதல் விரைவுச்சாலையான மெய்ஷினின் முதல் பகுதி திறந்தது 1963-ல். சுசுகா பந்தயத் தடம் அதற்கு முந்தைய ஆண்டு திறக்கப்பட்டது. 1964 மேயில் அங்கே நடந்த ஜப்பான் கிராண்ட் பிரியில் ஒரு போர்ஷே 904 கலந்துகொண்டது. அதை எதிர்த்து ஓடியவை, முன்பக்கத்தை நீட்டி ஆறு சிலிண்டர் என்ஜினை நுழைத்த பிரின்ஸ் ஸ்கைலைன் செடான் கார்கள். தெட்சு இக்குசாவா ஓட்டிய ஸ்கைலைன் ஒரே ஒரு சுற்று போர்ஷேயை முந்திச் சென்றது. வென்றது போர்ஷேதான். என்றாலும் பார்வையாளர் அரங்கு எழுந்து நின்ற அந்தச் சுற்றிலிருந்துதான் ஸ்கைலைன் என்ற பெயரின் மதிப்பு தொடங்குகிறது.

1967-ல் இரண்டு கார்கள் வந்தன. டொயோட்டா 2000ஜி.டி., யமஹாவுடன் இணைந்து உருவாக்கப்பட்டது. 1,988 சி.சி. என்ஜினுக்கு இரட்டை கேம் ஷாஃப்ட் தலைப்பகுதியை யமஹா வடிவமைத்தது. பியானோக்களுக்கு மரவேலை செய்த அதே நிறுவனத்தின் கைத்திறன் காரின் உள்ளலங்காரத்திலும் பயன்பட்டது. சட்டம் லோட்டஸ் எலானைப் போன்ற முதுகெலும்பு அமைப்பு. நீண்ட பானெட்டில் ஈ-டைப்பின் நினைவு. ஆயினும் முழு உருவம் சத்தோரு நொசாகியின் சொந்தப் படைப்பாகவே நிற்கிறது: தரையிலிருந்து கூரை வரை 116 சென்டிமீட்டர்தான். 1966 அக்டோபரில் யதாபே சோதனைத் தடத்தில் 72 மணி நேரம் இடைவிடாமல், சராசரியாக மணிக்கு 206 கி.மீ. வேகத்தில் ஓடி உலக சாதனைகளைப் படைத்தது. விலை போர்ஷே 911-ஐ விட அதிகம். மொத்தம் 351 கார்களோடு தயாரிப்பு நின்றது. வணிகமாகப் பார்த்தால் தோல்வி. ஆனால் ஜப்பானால் எதுவரை முடியும் என்பதை அது ஐரோப்பாவுக்குக் காட்டியது.

மற்றொன்று ஹிரோஷிமாவின் மஸ்தா காஸ்மோ ஸ்போர்ட். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணச் சுழலி இயங்கும் வாங்கெல் என்ஜினின் உரிமத்தை 1961-ல் ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனத்திடம் மஸ்தா வாங்கியது. சுழலியின் முனைகளில் உள்ள அடைப்புப் பட்டைகள் அதிர்ந்து உள்சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டன. பொறியாளர்கள் அதைப் பிசாசின் நகக்கீறல் என்று அழைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோவின் குழு பல ஆண்டு சோதனைக்குப் பின் கார்பனும் அலுமினியமும் கலந்த பட்டையால் சிக்கலைத் தீர்த்தது. 1968 ஆகஸ்டில் நூர்புர்க்ரிங் தடத்தில் நடந்த 84 மணி நேர ஓட்டத்தில் இரண்டு காஸ்மோக்கள் இறங்கின. ஒன்று இறுதி நேரத்தில் அச்சு முறிந்து நின்றது. மற்றொன்று நான்காம் இடம் பெற்றது. வென்றது போர்ஷே 911. இந்த என்ஜினைக் கண்டுபிடித்த என்.எஸ்.யு.வின் கதையோ சோகமானது. அதன் ஆர்.ஓ.80 காரில் அடைப்புகள் விரைவில் தேய்ந்தன. உத்தரவாதச் செலவு பெருகியது. 1969-ல் நிறுவனம் ஃபோக்ஸ்வாகனின் கைக்குப் போனது. ஐரோப்பா கண்டுபிடித்து முடிக்காமல் விட்டதை ஜப்பான் முடித்துக்காட்டியதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. 1991-ல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானியக் காரான மஸ்தா 787பி, சுழலி என்ஜினோடுதான் வென்றது.

2000ஜி.டி.யும் காஸ்மோவும் மதிப்பைத் தந்தன. சந்தையை மாற்றியது 1969 இறுதியில் வந்த டட்சன் 240இசட். அமெரிக்காவில் நிசானின் தலைவராக இருந்த யுதாகா கதயாமா, 1958-ல் ஆஸ்திரேலியாவைச் சுற்றிய நெடுந்தொலைவு ஓட்டத்தில் டட்சன் 210 அணியை வழிநடத்தித் தன் பிரிவில் வெற்றி கண்டவர். அமெரிக்கர்களுக்கு என்ன கார் வேண்டும் என்று தலைமையகத்தோடு ஆண்டுக்கணக்கில் வாதாடினார். வடிவமைப்பு யோஷிஹிக்கோ மட்சுவோவின் குழு. நிசானுக்கு முன்பு ஆலோசகராக இருந்த ஆல்பிரெக்ட் கெர்ட்ஸ், பி.எம்.டபிள்யூ. 507-ஐ வரைந்தவர், இந்தக் காருக்கும் உரிமை கோரினார். ஆனால் வேலை நடந்தது மட்சுவோவின் பலகையில். 2,393 சி.சி. ஆறு சிலிண்டர், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், மூடிய கூரை, வேலை செய்யும் ஹீட்டர். விலை 3,526 டாலர். அதே ஆண்டு ஈ-டைப் 5,000 டாலரைத் தாண்டியது, எம்.ஜி.பி. ஜி.டி. ஏறக்குறைய 240இசட் விலைக்கே விற்றது, ஆனால் நான்கு சிலிண்டர் தள்ளுதண்டு என்ஜினோடு. முகவர்களிடம் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. 1978 வரை முதல் தலைமுறை இசட் கார்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றன. ஈ-டைப் பதினான்கு ஆண்டுகளில் விற்றது சுமார் 72,500.

காலை நேரத்தில் தவறாமல் ஸ்டார்ட் ஆகும், அலுவலகத்துக்கும் போகும், மாலையில் மலைச்சாலையிலும் மகிழ்விக்கும் என்பதுதான் 240இசட்டின் புதுமை. ஐரோப்பியக் கார்களில் இது பெருமளவு போர்ஷேவிடம் மட்டுமே இருந்தது. அதன் விலையோ எட்டாதது. 1971-ல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் எட்கர் ஹெர்மன் ஓட்டிய 240இசட் முதலிடம் பெற்றது. இரண்டாம் இடமும் 240இசட்டுக்கே. ஓட்டியவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா. 1973-ல் அவரே வென்றார். கென்யாவின் புழுதியிலும் சேற்றிலும் தாங்கிய கார் என்ற பெயர் எந்த விளம்பரத்தையும் விடப் பெரிது. அதே ராலியை வெல்லப் போர்ஷே எடுத்த முயற்சிகள் 1974-லும் 1978-லும் இரண்டாம் இடத்தில் முடிந்தன. குறை இல்லாமல் இல்லை. அன்றைய ஜப்பானிய எஃகுத் தகடு துருவுக்கு எளிதில் இரையானது. என்ஜின் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் உடல் பத்தாண்டில் உதிர்ந்த இசட் கார்கள் ஏராளம். இந்த ஒரு விஷயத்தில் அவை அந்தக் கால ஆல்ஃபாக்களுக்குச் சளைத்தவை அல்ல.

பிரிட்டனின் வீழ்ச்சிக்கு ஜப்பான் மட்டும் காரணம் என்பது மிகை. 1968 முதல் அமெரிக்கா விதித்த புகை, பாதுகாப்பு விதிகள் அந்தத் தொழிலின் பெரிய சந்தையையே தாக்கின. ஈ-டைப்பின் முகப்பு விளக்குகளை மூடியிருந்த கண்ணாடி போனது. எம்.ஜி.பி.க்கு 1974-ல் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டப்பட்டது, உயரமும் கூட்டப்பட்டது. வளைவில் அதன் நிதானம் கெட்டது. எம்.ஜி.யின் உரிமையாளராகப் புதிய காருக்கு முதலீடு செய்ய வேண்டிய பிரிட்டிஷ் லேலண்ட் வேலைநிறுத்தங்களிலும் நஷ்டத்திலும் தவித்தது. 1962-ன் காரை 1980-லும் விற்க வேண்டிய நிலை. அந்த ஆண்டு அக்டோபரில் ஆபிங்டன் ஆலை மூடப்பட்டது. காலியான இடத்தைப் பிடித்தவற்றில் 1978-ல் வந்த மஸ்தா ஆர்.எக்ஸ்-7 முக்கியமானது. என்ஜினை நடுவில் வைத்த மலிவான கார் என்ற ஃபியட் எக்ஸ்1/9-ன் யோசனையை டொயோட்டா எம்.ஆர்.2 1984-ல் எடுத்துக்கொண்டது.

1989-ஐ இந்த வரலாற்றின் திருப்புமுனை என்று தயங்காமல் சொல்லலாம். பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மஸ்தா எம்.எக்ஸ்-5, ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். இரண்டும் காட்டப்பட்டன, அதே ஆண்டு, பிரின்ஸிடமிருந்து நிசான் வசமாகியிருந்த ஸ்கைலைன் பெயரில் ஜி.டி.ஆர். மீண்டும் வந்தது. எம்.எக்ஸ்-5-க்கு விதை போட்டவர் பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார் பத்திரிகையாளர். பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களைப் போன்ற ஒன்றை யாரும் இப்போது செய்வதில்லை, நீங்கள் செய்யலாமே என்று 1979-ல் அவர் சொன்னது யமமோட்டோவிடம். காஸ்மோ என்ஜினைக் காப்பாற்றிய அதே யமமோட்டோ. தலைமைப் பொறியாளர் தொஷிஹிக்கோ ஹிராய், குதிரையும் அதன் வீரனும் ஓருடலாவதைப் போன்ற உறவு காருக்கும் ஓட்டுநருக்கும் வேண்டும் என்பதையே அளவுகோலாக்கினார். எலானின் அளவும் மனநிலையும், 1.6 லிட்டர் இரட்டை கேம் ஷாஃப்ட் என்ஜின், பின்சக்கர உந்துதல், இரண்டே விரலில் நகரும் குறுகிய கியர் கம்பி. புகைபோக்கியின் ஒலியைக்கூடப் பழைய திறந்த கார்களை நினைத்து இசைத்தார்கள். எண்ணெய் மட்டும் கசியவில்லை. அமெரிக்காவில் விலை 13,800 டாலர். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது எம்.எக்ஸ்-5 ஹிரோஷிமா ஆலையிலிருந்து வெளிவந்தது. உலகில் அதிகம் விற்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அதுவே. இதை எலானின் நகல் என்பவர்கள், அந்தப் பெயருக்கு உரிய லோட்டஸ் அதே 1989-ல் வெளியிட்ட புதிய எலானைப் பார்க்க வேண்டும். அது முன்சக்கர உந்துதல் கொண்டது. அதன் என்ஜின் ஜப்பானின் இசுசு. விற்பனை படுத்ததும் அதன் உற்பத்திக் கருவிகளைக் கொரியாவின் கியா நிறுவனம் வாங்கிச் சில ஆண்டுகள் தயாரித்தது.

என்.எஸ்.எக்ஸ். குறிவைத்தது ஃபெராரியை. ஷிகெரு உயெஹாரா தலைமையில் உருவான இது, உடல் முழுவதையும் அலுமினியத்தில் கொண்ட முதல் தொடர்தயாரிப்பு ஸ்போர்ட்ஸ் கார். மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின் 270 குதிரைத்திறன் தந்தது. டைட்டானிய இணைப்புத் தண்டுகளால் 8,000 சுற்று வரை ஏறியது. ஹோண்டா என்ஜினோடு ஃபார்முலா ஒன் பட்டம் வென்றிருந்த அயர்டன் சென்னா, மாதிரிக் காரை சுசுகாவில் ஓட்டிவிட்டு உடலின் விறைப்பு போதாது என்றார். பொறியாளர்கள் நூர்புர்க்ரிங்குக்குப் போய் மாதக்கணக்கில் தங்கி விறைப்பைப் பாதிக்குப் பாதி கூட்டினார்கள். ஃபெராரி 348-ன் 300 குதிரைத்திறனுக்கு இது குறைவுதான். ஆனால் சுற்றிலும் பார்க்க முடிந்த கண்ணாடி, கால் வலிக்காத கிளட்ச், நகர நெரிசலில் சூடேறாத என்ஜின் எதுவும் அங்கே இல்லை. 348-ன் கேம் பெல்ட்டை மாற்ற என்ஜினையே கழற்றி இறக்க வேண்டும், என்.எஸ்.எக்ஸில் அந்த வேலை என்ஜின் இருக்கும் இடத்திலேயே முடியும். 1991-ல் ஃபெராரியின் தலைமையேற்ற லூகா டி மான்டெசெமோலோ 348-ன் குறைகளை வெளிப்படையாகவே பேசினார். 1994-ன் எஃப்355 பெரிதும் மேம்பட்டிருந்தது. மெக்லாரன் எஃப்1-ஐ வடிவமைத்த கார்டன் மர்ரி, ஓட்டும் சுகத்துக்குத் தாம் அளவுகோலாகக் கொண்டது என்.எஸ்.எக்ஸையே என்று எழுதியிருக்கிறார்.

ஜி.டி.ஆர். வேறொரு குணம். இரட்டை டர்போ, நான்கு சக்கரங்களுக்கும் தேவைக்கேற்ப உந்துதலைப் பிரித்தனுப்பும் மின்னணு அமைப்பு. ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அறிவித்த திறன் 280 குதிரைத்திறன்தான். அந்த வரம்பு 2004 வரை நீடித்தது. ஜப்பான் டூரிங் கார் போட்டிகளில் 1990 முதல் 1993 வரை ஓடிய 29 பந்தயங்களையும் இந்தக் கார் வென்றது. ஆஸ்திரேலியாவில் 1991, 1992 பாத்தர்ஸ்ட் பந்தயங்களை வென்றபோது காட்ஸில்லா என்ற பெயர் நிலைத்தது. சாலை தரும் உணர்வைக் கணினி மறைத்துவிடுகிறது என்று ஐரோப்பிய விமர்சகர்கள் சொன்னதில் ஓரளவு நியாயம் உண்டு. பழைய 911-ல் தவறான நேரத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார் சுழலும். அதன் ஓட்டுநர்கள் அந்த ஆபத்தையே பாடமாக ஏற்றவர்கள். ஜி.டி.ஆர். ஓட்டுநரின் தவறை மன்னித்து முன்னே இழுத்துச் சென்றது.

ஐரோப்பா பதிலளித்தது. எம்.ஜி.எஃப்., பி.எம்.டபிள்யூ. இசட்3, ஃபியட் பர்கெட்டா 1995-லும், மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., போர்ஷே பாக்ஸ்டர் 1996-லும் வந்தன, எம்.எக்ஸ்-5 திறந்துவிட்ட சந்தைக்குத்தான் எல்லாம். போர்ஷேவின் கதை இதில் ஆழமானது. 1986-ல் 50,000-ஐத் தாண்டியிருந்த அதன் ஆண்டு விற்பனை 1990-களின் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. தலைவர் வெண்டலின் வீடகிங், டொயோட்டாவில் பணியாற்றிய முன்னாள் பொறியாளர்களை ஜப்பானிலிருந்து ஆலோசகர்களாக வரவழைத்தார். தளத்தில் ஆள் உயரத்துக்கும் மேல் பாகங்கள் குவிந்த அலமாரிகளைக் கண்டு, இது கார் ஆலையா கிடங்கா என்ற தோரணையில் அவர்கள் கண்டித்தார்கள். அலமாரிகளின் மேற்பகுதியை வீடகிங் தாமே ரம்பத்தால் அறுத்தார். பாக்ஸ்டர் லாபத்தோடு தயாரானதும் போர்ஷே தப்பிப் பிழைத்ததும் இந்தச் சீர்திருத்தத்துக்குப் பின்தான்.

வடிவழகில் மட்டும் இடைவெளி நீடிக்கிறது. பினின்ஃபரீனா, பெர்டோனே போன்ற உடல் வடிப்புக்கூடங்களுக்கு ஜப்பானில் நிகரான மரபு உருவாகவில்லை. 1966-ன் லம்போர்கினி மியூராவைப் போலப் பார்த்தவுடன் பேச்சை நிறுத்தும் கார் என்று 2000ஜி.டி.யைத் தவிர இன்னொன்றைக் காட்டுவது கடினம். ஜப்பானிய மரபின் பலம் இன்னொரு பக்கம் இருந்தது: மலிவான காரை வாங்கி, என்ஜினைத் திருத்தி, இரவில் மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய இளைஞர்கள். கெய்ச்சி சுச்சியாவைப் போன்ற ஓட்டுநர்களும், 1995-ல் தொடங்கிய ‘இனிஷியல் டி’ சித்திரத் தொடரும் அந்தப் பழக்கத்தை உலகெங்கும் கொண்டுசென்றன. ஐரோப்பியக் கிளாசிக்குகளைப் போற்றியது செல்வமும் பந்தய வரலாறும். ஜப்பானியக் கார்களைப் போற்றியது பெரும்பாலும் அவற்றைச் சொந்தக் கையால் திருத்தியவர்கள்.

இன்று இரு மரபுகளையும் பிரிக்கும் கோடு மங்கிவிட்டது. லோட்டஸ் எலீஸ் 2004 முதல் டொயோட்டா என்ஜினோடும் விற்றது. 2016-ன் ஃபியட் 124 ஸ்பைடர், எம்.எக்ஸ்-5-ன் உடன்பிறப்பாக ஹிரோஷிமாவில் தயாரானது. 2019-ன் டொயோட்டா சுப்ரா, பி.எம்.டபிள்யூ. இசட்4-ன் உடன்பிறப்பாக ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தயாரானது. உடைமையும் கிழக்கே நகர்ந்தது. ஜாகுவார் 2008-ல் இந்தியாவின் டாட்டா மோட்டார்ஸ் வசம் வந்தது. லோட்டஸ் 1996-ல் மலேசியாவின் புரோட்டானுக்கும், 2017-ல் சீனாவின் கீலிக்கும் போனது. எம்.ஜி. என்ற எழுத்துகள் சீனாவின் எஸ்.ஏ.ஐ.சி.க்குச் சொந்தம்; 2023-ல் அது வெளியிட்ட மின்சாரத் திறந்த கார்தான் சைபர்ஸ்டர்.

ஏலக்கூடங்களில் ஐரோப்பாவின் உயரம் இன்னமும் தொட முடியாதது. 2018-ல் ஒரு ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 4.84 கோடி டாலருக்கு விற்றது. டொயோட்டா 2000ஜி.டி. ஒன்று 2013-ல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியபோது அதுவே ஜப்பானியக் காருக்குப் பெரிய செய்தி. 25 ஆண்டுகள் கடந்த வெளிநாட்டுக் கார்களை அமெரிக்கா தடையின்றி அனுமதிப்பதால், 2014 முதல் 1989-ன் ஜி.டி.ஆர். கார்கள் அங்கே போகத் தொடங்கி விலை ஏறியது. பழையதைக் காக்கும் வேலையில் பிரிட்டன் முன்னோடி: எம்.ஜி.பி.யின் மூல அச்சுகளைத் தேடியெடுத்து, 1988 முதல் அதன் உடற்கூட்டைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். ஜப்பானிய நிறுவனங்கள் தங்கள் பழைய கார்களுக்கு இந்தக் கவனத்தைத் தரத் தாமதித்தன. 2017-ல்தான் மஸ்தா முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5-ஐப் புதுப்பித்துத் தரும் சேவையைத் தொடங்கியது. நிசான் அதே ஆண்டு பழைய ஜி.டி.ஆருக்கான பாகங்களை மீண்டும் தயாரிக்க ஆரம்பித்தது. அதன்பின் டொயோட்டாவும் 2000ஜி.டி.க்கும் பழைய சுப்ராவுக்கும் உதிரிபாகங்களைச் செய்து விற்கிறது.